புல்தரைக்கு அடியில் ஒரு நூற்றாண்டு

நியூ ஜெர்சியில் செப்டம்பர் பிறந்தால் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். கொலுப்படிகள் பேஸ்மெண்டிலிருந்து மேலே ஏறும். வீட்டு முன்புறப் புல்தரையில் பழுப்புத் திட்டுகள் தோன்றும். வெயிலில் காய்ந்துவிட்டது என்று எண்ணி ஸ்பிரிங்க்ளரை இன்னும் பத்து நிமிடம் கூட்டி வைப்போம். திட்டு பெரிதாகும். பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால், சுருட்டிய பாய்போல் புல் உரிந்து கிடக்கும். இரவில் ஸ்கங்கோ ரக்கூனோ வந்து போயிருக்கும். கோபம் அதன்மேல் திரும்பும். ஆனால் அது சாப்பிட வந்த விருந்தாளி மட்டுமே. விருந்து மண்ணுக்குள் இருக்கிறது: பழுப்புத் தலையும், பிறைபோல் சுருண்ட வெள்ளை உடலும் கொண்ட புழுக்கள். புல்லின் வேரை அவை அறுத்துவிட்டதால்தான் புல் பாயாகச் சுருண்டது.

இந்தப் புழுவைத் தொலைக்கும் முயற்சிக்கு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அது தொடங்கிய இடம் செர்ரி ஹில்லிலிருந்து காரில் அரை மணிக்குள் போய்ச் சேரக்கூடிய ரிவர்ட்டன். டெலவேர் ஆற்றங்கரையில், இன்று காம்டனிலிருந்து ட்ரென்டன் செல்லும் ரிவர் லைன் ரயில் நின்று போகும் சிற்றூர். அங்கே தொடங்கிய போரில் புழு தோற்கவில்லை. ஆனால் அதன்மேல் வீசப்பட்டவற்றில் சில இன்னும் நம் மண்ணில் இருக்கின்றன. வீடு வாங்கி, குழந்தைகளை அந்தப் புல்லில் விளையாட விடும் நாம் இந்த வரலாற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ரிவர்ட்டன், 1916

1916 ஆகஸ்டில் நியூ ஜெர்சி வேளாண் துறையைச் சேர்ந்த ஹாரி வைஸ், எட்கர் டிக்கர்சன் என்ற இரு பூச்சியியலாளர்கள் ரிவர்ட்டன் அருகே ஒரு நர்சரியை வழக்கமான சோதனையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சைத் தலையும் செம்பு நிற முதுகும் பளபளக்கும் ஒரு வண்டு கண்ணில் பட்டது. தேடியதில் ஏறத்தாழ ஒரு டஜன் கிடைத்தன. அமெரிக்காவில் அதற்கு முன் யாரும் பார்த்திராத இனம். ஜப்பானில் உள்ள பொப்பிலியா ஜப்போனிகா என்று பிறகு தெரிந்தது. ஐரிஸ் கிழங்குகளோடு ஒட்டி வந்த மண்ணில் புழுவாகக் கப்பலேறி வந்திருக்க வேண்டும் என்பதுதான் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணிப்பு.

அந்த ஐரிஸ் எந்த ஆண்டில் வந்தது என்பது முக்கியம். வெளிநாட்டுச் செடிகளைச் சோதிக்கவும் தடுக்கவும் அமெரிக்காவுக்கு அதிகாரம் தந்த தாவரத் தடைச் சட்டம் 1912இல்தான் நிறைவேறியது. வண்டு அதற்குச் சற்று முன்பே உள்ளே நுழைந்துவிட்டது என்று கருதுகிறார்கள். 1919இல் மண்ணோடு கூடிய நர்சரிச் செடிகளின் இறக்குமதி ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்தப்பட்டது. இடையில், 1917 பிப்ரவரியில், வேறொரு தடையும் சட்டமானது. அதிபர் வில்சனின் வீட்டோவை மீறிக் காங்கிரஸ் நிறைவேற்றிய அந்தக் குடிவரவுச் சட்டம், இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து ஆட்கள் வந்து குடியேறுவதைத் தடை செய்தது. செடிக்கும் மனிதனுக்கும் எழுதிய சட்டங்கள் வெவ்வேறு. ஆனால் அந்தக் காலத்துப் பேச்சில் இரண்டும் அடிக்கடி கலந்தன. இரண்டாம் உலகப்போர் ஆண்டுகளில் இந்த வண்டின் பெயர், ஜப்பானியரைக் குறிக்கும் வசைச்சொல்லோடு ஒன்றாகவே ஒலித்தது.

அது ஏன் இங்கே செழித்தது

இந்த வண்டு ஜப்பானில் பெரிய பூச்சியாகக் கருதப்பட்டதில்லை. அதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. அங்கே அதைத் தின்னும், அதன்மேல் முட்டையிடும் எதிரிகள் கூடவே இருந்தன. இரண்டாவது காரணம் நம்மைப் பற்றியது: அங்கே பரந்த புல்வெளிகள் குறைவு.

ஜூன் கடைசியில் வண்டு மண்ணிலிருந்து வெளியே வரும். ரோஜா, திராட்சை, லிண்டன் மர இலைகளைத் தின்னும். நம் வீட்டு வெண்டைச் செடியையும் விடாது, இலையின் நரம்பை மட்டும் விட்டுவிட்டுச் சல்லடையாக்கும். மாலையில் பெண் வண்டு பறந்து போய்ப் புல்தரையில் இறங்கி, இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் முட்டையிடும். முட்டையும் இளம்புழுவும் பிழைக்க மண்ணில் ஈரம் வேண்டும். ஜூலை வெயிலில் ஊரே காய்ந்து கிடக்கும்போது ஸ்பிரிங்க்ளர் ஓடும் புல்தரை எது என்று வண்டுக்குத் தெரியும். ஆகஸ்ட், செப்டம்பரில் புழு வேரைத் தின்று கொழுக்கும். குளிர் வந்தால் உறைபனி எட்டாத ஆழத்துக்கு இறங்கும். வசந்தத்தில் மேலே வந்து கொஞ்சம் தின்று, கூட்டுப்புழுவாகி, மறுபடி ஜூனில் வண்டு. ஆக, வாழ்க்கையில் ஏறக்குறைய பத்து மாதங்களை அது நம் புல்லுக்கு அடியில்தான் கழிக்கிறது.

அமெரிக்கா அதற்குத் தந்தது எதிரியில்லாத ஊரையும் எல்லையில்லாத புல்லையும். அந்தப் புல்லும் இந்த மண்ணுக்கு உரியதல்ல. கென்டக்கி புளூகிராஸ் என்று பெயர் இருந்தாலும், லான்களில் விதைக்கப்படும் அந்தப் புல் ஐரோப்பியக் குடியேறிகளோடு வந்து பரவியதுதான்.

இந்த வண்டுக் குடும்பம் தமிழ் விவசாயிக்குப் புதிதல்ல. நிலக்கடலையிலும் கரும்பிலும் வேரைத் தின்னும் வேர்ப்புழு இதன் ஒன்றுவிட்ட உறவு. எருக்குழியில் கிளறினால் புரளும் பெரிய வெள்ளைப் புழு, தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் பிள்ளை. கோடை மழை முதலில் பெய்த மாலையில் வேர்ப்புழுவின் வண்டுகள் மண்ணிலிருந்து எழுந்து வேப்ப மரத்திலும் வேல மரத்திலும் மொய்க்கும். அன்றே கிளையை உலுக்கிப் பொறுக்கி அழித்துவிட்டால் அந்த ஆண்டின் முட்டையில் பெரும்பகுதி குறைந்துவிடும். கோடை உழவு செய்தால் புழுவும் கூட்டுப்புழுவும் மேலே வரும். கலப்பைக்குப் பின்னால் கொக்கும் மைனாவும் நடந்து வந்து கணக்கை முடிக்கும். இந்த வழிகளின் அடிப்படை, பூச்சி எந்த நாளில் எங்கே இருக்கும் என்ற அறிவு. புல்தரையை உழ முடியாது. ரிவர்ட்டனில் இருந்தவர்களுக்கு அந்த அறிவைச் சேர்க்கப் பொறுமையும் இருக்கவில்லை, நேரமும் இருக்கவில்லை.

முதல் போர்

1917இல் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து ரிவர்ட்டனில் ஓர் ஆய்வகம் அமைத்தன. (1927இல் அது பக்கத்து ஊரான மூர்ஸ்டவுனுக்கு மாறியது.) முதல் இலக்கு அடியோடு ஒழிப்பது. வண்டு இருந்த வட்டாரத்தைச் சுற்றி நஞ்சு தெளித்த வளையம் ஒன்றை அமைத்துப் பார்த்தார்கள். புழுவைக் கொல்லச் சோடியம் சயனைடு கரைசலை மண்ணில் ஊற்றினார்கள். நெடுஞ்சாலைகளில் கார்களை நிறுத்திக் காய்கறி, பழக் கூடைகளைச் சோதித்தார்கள். வண்டு பறக்கக் கூடியது. சோதனைச் சாவடியைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. சில ஆண்டுகளிலேயே ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியாவுக்குப் போய்விட்டது. ஒழிப்பது என்ற சொல் மெல்ல மறைந்து, கட்டுப்படுத்துவது என்ற சொல் அறிக்கைகளில் வந்தது.

1920களில் லெட் ஆர்சனேட் முன்னுக்கு வந்தது. ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்த இந்த வெள்ளைத் தூளை ஆப்பிள் தோட்டக்காரர்கள் ஏற்கெனவே தெளித்து வந்தார்கள். அதைப் புல்தரையின் மேல்மண்ணில் கலந்துவிட்டால் வேரைத் தின்ன வரும் புழு மண்ணோடு நஞ்சையும் தின்று சாகும். கோல்ஃப் மைதானங்களும், வசதியான வீடுகளின் லான்களும் இப்படிப் ‘புழுக்காப்பு’ செய்யப்பட்டன. ஒருமுறை போட்டால் பல ஆண்டுகளுக்குப் பலன் இருக்கும் என்பது அதன் பெருமையாகச் சொல்லப்பட்டது.

அந்தப் பெருமைக்குப் பின்னால் இருந்த உண்மை, ஈயமும் ஆர்சனிக்கும் சிதையாத தனிமங்கள் என்பது. மழை அவற்றை எளிதில் கீழே இறக்காது, மேல்மண்ணிலேயே தங்கும். அமெரிக்காவில் லெட் ஆர்சனேட்டின் பயன்பாடு சட்டப்படி முழுவதும் முடிந்தது 1988இல்தான். அதற்குள் மத்திய ஜெர்சியின் பழத்தோட்டங்களும் உருளைக்கிழங்கு வயல்களும் வீட்டுமனைகளாகிவிட்டன. பழைய பூச்சிக்கொல்லி எச்சங்களை ஆராய மாநிலம் அமைத்த பணிக்குழு 1999இல் தந்த அறிக்கை, நியூ ஜெர்சியின் நிலப்பரப்பில் 5 சதவீதம் வரை இப்படிப்பட்ட எச்சம் இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. அந்த எச்சத்தில் பெரும்பங்கு தோட்டங்களுடையது, லான்களுடையது அல்ல. ஆனால் இரண்டிலும் தூவியது ஒரே தூள்.

எதிரியைத் தேடிப் போனவர்கள்

ஒரு பக்கம் தூள் தூவிக்கொண்டிருந்தபோதே, வேறு சிலர் வேறு கேள்வியைக் கேட்டார்கள். ஜப்பானில் இதை யார் அடக்கி வைத்திருக்கிறார்கள்? 1920இலிருந்து அமெரிக்கப் பூச்சியியலாளர்கள் ஜப்பான், கொரியா, சீனா என்று தேடிப் போனார்கள். பல பத்து இனங்களைக் கொண்டுவந்து விட்டதில் நிலைத்தவை சிலவே. அவற்றில் ஒன்று டிஃபியா என்ற சிறிய கருங்குளவி. மண்ணுக்குள் புகுந்து, புழுவைத் தேடிப் பிடித்து, கொட்டி மயக்கி, அதன் உடலில் ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். குஞ்சு பொரிந்து புழுவை உண்டு வளரும். இன்னொன்று ஓர் ஈ. வண்டின் தலைக்குப் பின்னால் வெள்ளைப் புள்ளியாக முட்டை இடும். இன்றும் ஜூலையில் ரோஜாச் செடியில் அந்த வெள்ளைப் புள்ளியுள்ள வண்டைப் பார்க்கலாம். அதை நசுக்காமல் விடுவது நல்லது. அது சில நாளில் சாகும், அதிலிருந்து அடுத்த ஈ பிறக்கும்.

உதவி உள்ளூர் மண்ணிலும் இருந்தது. 1929இல் ஹாடன்ஃபீல்ட் அருகே டாவிஸ்டாக் கோல்ஃப் மைதானத்தில் செத்துக் கிடந்த புழுக்களுக்குள், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய நூற்புழுக்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதைக் கண்டார் பிரின்ஸ்டனில் ராக்கஃபெல்லர் கழகத்தில் பணியாற்றிய ருடால்ஃப் கிளேசர். பூச்சியைக் கொல்லும் நூற்புழு ஒன்றைப் பூச்சி உடலுக்கு வெளியே, செயற்கை உணவில் வளர்த்துக் காட்டிய முன்னோடி அவர். அப்படி வளர்த்தவற்றை நியூ ஜெர்சியின் பல இடங்களில் மண்ணில் விட்டார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் அந்த இடங்களுக்குத் திரும்பிப் போய் மண்ணைச் சோதித்தபோது, பெரும்பாலான இடங்களில் அவை நிலைத்திருக்கவில்லை. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று சுவையானது. நூற்புழு தனியாகக் கொல்வதில்லை; அதன் குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவைப் புழுவுக்குள் இறக்கிவிடுகிறது, கொல்வது அதுதான். இந்தக் கூட்டு கிளேசரின் காலத்தில் தெரியாது. வளர்ப்பைச் சுத்தமாக வைத்திருக்கச் சேர்த்த கிருமிக்கொல்லிகள் அந்தத் துணையையே அழித்திருக்கலாம்.

மூன்றாவது, பால்நோய். 1933இல் நியூ ஜெர்சியில் சில புழுக்களின் இரத்தம் தெளிவாக இல்லாமல் பால்போல் வெளுத்திருப்பதைக் கவனித்தார்கள். ஒரு பாக்டீரியாவின் வித்துகள் அவை. செத்த புழுவிலிருந்து மண்ணுக்குப் போய், அடுத்த தலைமுறைப் புழுவுக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்கும். இந்த பாக்டீரியா ஆய்வகத் தட்டில் சரியாக வித்து தராது. எனவே உயிருள்ள புழுக்களைத் தோண்டி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஊசி போட்டு, நோய் முற்றியபின் அரைத்து, சுண்ணத்தூளில் கலந்தார்கள். 1939 முதல் 1953 வரை 14 கிழக்கு மாநிலங்களில் அரசுத் திட்டமாகவே இது தூவப்பட்டது. அமெரிக்காவில் பதிவு பெற்ற முதல் நுண்ணுயிர்ப் பூச்சிக்கொல்லியும் இதுதான், 1948இல். பிறந்த ஊர் நியூ ஜெர்சி.

அவசரத்தின் காலம்

போர் முடிந்தது, டிடிடி கடைக்கு வந்தது, கூடவே குளோர்டேன், ஆல்ட்ரின், டைல்ட்ரின். அதே ஆண்டுகளில் புறநகர்களும் வந்தன. 1947இல் நியூயார்க்கில் தொடங்கிய லெவிட்டவுன், 1952இல் பென்சில்வேனியாவிலும், 1958இல் ரிவர்ட்டனுக்குச் சில மைல் தள்ளி வில்லிங்பரோவிலும் எழுந்தது. ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி லான். முதல் லெவிட்டவுனில் புல்லை ஒழுங்காக வெட்டி வைப்பது வீட்டு ஒப்பந்தத்திலேயே இருந்தது. யார் வாங்கலாம் என்பதற்கும் விதி இருந்தது: வெள்ளையர் மட்டும். வில்லிங்பரோவில் கறுப்பினத்தவருக்கு வீடு விற்க மறுத்தது செல்லாது என்று நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1960இல் தீர்ப்பளித்தது. பக்கத்து வீட்டு லானைப் பார்த்து மனிதரை எடைபோடும் பழக்கம், இன்று வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கடிதமாக நம் தபால்பெட்டிக்கும் வருகிறது. அதன் பிறப்பு இந்தச் சூழலில்தான்.

இத்தகைய லானுக்குப் பொறுமை கிடையாது. பால்நோய் பரவ இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். குளோர்டேன் ஒரே வாரத்தில் காட்டிவிடும். வண்டு மேற்கே இல்லினாய் வரை போனபோது இந்த அவசரம் ஆகாயத்துக்கு ஏறியது. 1954இல் ஷெல்டன் என்ற ஊரில் விமானத்திலிருந்து டைல்ட்ரின் கொட்டினார்கள். முதல் ஆண்டில் 1,400 ஏக்கர். ராபின், மெடோலார்க், ஃபெசன்ட் பறவைகள் ஏறக்குறைய அற்றுப்போயின. பண்ணைப் பூனைகளில் 90 சதவீதம் முதல் பருவத்திலேயே செத்தன. ஆனாலும் தெளிப்பு நிற்கவில்லை. 1961 முடிவுக்குள் அந்த மாவட்டத்தில் 1,31,000 ஏக்கர் வரை போனது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ நூலில் ஷெல்டனுக்குத் தனி இடம் உண்டு. கிழக்கே குளவியும் பால்நோயும் வேலை செய்துகொண்டிருக்கையில் மேற்கே ஏன் இந்த அழிவு என்பது அவருடைய கேள்வி. பால்நோய்க்குச் செலவு அதிகம் என்பது அதிகாரிகளின் பதில். ஒருமுறை செய்தால் போதும் என்ற செலவையும், ஆண்டுதோறும் திரும்பச் செய்ய வேண்டிய செலவையும் அவர்கள் ஒரே தராசில் வைக்கவில்லை.

டெக்சஸ் வாசகர்களுக்கு இந்தக் கதை வேறு பெயரில் தெரிந்திருக்கும். தென்னமெரிக்கச் செந்தீ எறும்பு 1930களில் அலபாமாவின் மொபீல் துறைமுகம் வழியே வந்தது. 1957இல் மத்திய அரசு அதை ஒழிக்க ஹெப்டாகுளோரையும் டைல்ட்ரினையும் விமானத்தில் தூவியது. செத்தவற்றில் உள்ளூர் எறும்புகளும் அடக்கம். காலியான மண்ணில் முதலில் திரும்பி வந்தது செந்தீ எறும்புதான். இன்று ஹூஸ்டன், டாலஸ் லான்களில் மழை பெய்த மறுநாள் எழும் புற்றுகள் அந்தப் போரின் முடிவைச் சொல்கின்றன.

கலிஃபோர்னியா விரிகுடாப் பகுதியின் மண்ணுக்குள் இருப்பவன் வேறு: வேரைத் தின்று, பிறை வடிவில் மண்ணைத் தள்ளி வைக்கும் கோபர். அதைப் பிடிக்க லாஸ் காடோஸில் முடிதிருத்தகம் வைத்திருந்த செஃபைர் மக்காபீ என்பவர் 1900இல் ஒரு கம்பிப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு வளைக்கு ஒரு பொறி, நஞ்சில்லை, பக்கத்து வீட்டுக்குப் பாதிப்பில்லை. நூற்றாண்டு கடந்தும் அந்த வடிவம் பெரிதாக மாறாமல் விற்பனையில் இருக்கிறது. எதிரி இன்னது, இருக்கும் இடம் இன்னது என்று தெரிந்தால் கருவி சிறியதாக இருந்தாலே போதும்.

தடைகளின் வரிசை

கார்சனுக்குப் பின் ஒவ்வொன்றாகக் கதவு சாத்தப்பட்டது. 1972இல் டிடிடி, 1974இல் ஆல்ட்ரின், டைல்ட்ரினின் பெரும்பாலான பயன்பாடுகள், 1988க்குள் குளோர்டேன் முழுவதுமாக. அந்த இடத்தில் டயசினான் வந்தது. 1984இல் லாங் ஐலண்டில் அது தெளித்த கோல்ஃப் மைதானத்தில் மேய்ந்த பிராண்ட் வாத்துகள் 700 வரை செத்தன. கோல்ஃப் மைதானங்களில் அது தடை செய்யப்பட்டது. வீட்டு லானுக்கு விற்பது 2004இல்தான் முடிந்தது. இதற்குள் 1994இல் இமிடாகுளோபிரிட் வந்திருந்தது. மனிதருக்கும் பறவைக்கும் முந்தியவற்றைவிட ஆபத்து குறைவு. ஆனால் செடியின் உடலெங்கும் பரவும் இது, லானில் பூக்கும் குளோவரின் தேனிலும் ஏறும், தேனீக்குப் போகும். நியூ ஜெர்சி 2022 ஜனவரியில் இயற்றிய சட்டத்தின்படி, சில விதிவிலக்குகள் தவிர, வேளாண்மை அல்லாத வெளிப்புறப் பயன்பாட்டுக்கு இந்த வகை மருந்துகள் 2023 அக்டோபர் 31 முதல் கூடாது.

இந்த வரிசையில் நம் ஊருக்கும் இடம் உண்டு. நிலக்கடலைக் கொல்லையில் வேர்ப்புழுவுக்கும் கரையானுக்கும் நம் அப்பாக்கள் வெறுங்கையால் தூவிய பி.எச்.சி. தூளை இந்தியா 1997இல்தான் தடை செய்தது. ஒவ்வொரு மருந்தும் முந்தையதைவிடப் பாதுகாப்பானது என்று சொல்லித்தான் வந்தது. பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் தவறு எது என்று தெரிய வந்தபோது, தூவிய கையும் தூவப்பட்ட மண்ணும் பல ஆண்டுகளைக் கடந்திருந்தன.

உயிர்வழி முறைகளையும் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. பால்நோய்த் தூளைக் கென்டக்கியில் சோதித்து 1995இல் வெளியான ஆய்வு, எதிர்பார்த்த பலனைக் காணவில்லை. கடையில் விற்கும் மஞ்சள் வண்டுப் பொறியில் இருக்கும் வாசனைக்குக் கிராம்பின் யூஜினால் ஒரு சேர்மானம். அதே கென்டக்கியில் 1985இல் வந்த ஆய்வுப்படி, அந்தப் பொறி பிடிப்பதைவிட அதிகமான வண்டுகளை வீட்டுக்கு வரவழைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி மாட்டினால் நமக்கு லாபம்!

இனி என்ன செய்யலாம்

இந்த வரலாறு கைக்கு வரும் விதத்தில் சொல்வது சிலவே.

முதலில் எண்ண வேண்டும். ஆகஸ்ட் இறுதியில் புல்தரையில் ஒரு சதுர அடியை மூன்று பக்கம் வெட்டி, மடித்துத் திறந்து பாருங்கள். எட்டு, பத்து புழுவுக்குக் கீழே இருந்தால், நல்ல வேர் கொண்ட புல் அதைத் தாங்கிக்கொள்ளும். ஒன்றும் போட வேண்டியதில்லை. எண்ணாமல் நாள்காட்டியைப் பார்த்துத் தெளிக்கும் ஆண்டு ஒப்பந்தம், ரிவர்ட்டனின் சயனைடு வளையத்துக்குத் தூரத்துச் சொந்தம்.

இரண்டாவது, ஜூலையில் தண்ணீரைக் குறைப்பது. முட்டையிடும் வாரங்களில் மண் காய்ந்திருந்தால் வண்டு வேறு இடம் பார்க்கும். இட்ட முட்டையும் பல காயும். புல் பழுப்பாகும், ஆனால் சாகாது. மழை வந்தால் எழும். புல்லை மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் வெட்டினால் வேரும் ஆழமாகப் போகும்.

மூன்றாவது, எண்ணிக்கை கூடினால் நூற்புழு. இன்று இதற்குப் பரிந்துரைக்கப்படுவது ஹெட்டெரோராப்டிடிஸ் பாக்டீரியோஃபோரா என்ற இனம். அது உயிர், குளிர்பெட்டியில் வந்து சேரும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை, புழு சிறியதாக இருக்கும்போது, மாலையில், ஈர மண்ணில் விட வேண்டும். வெயில் பட்டால் செத்துவிடும். இதனால் செத்த புழு செங்கல் நிறமாகும். கிளேசருக்குத் தெரியாத துணை பாக்டீரியா இதன் குடலில் பத்திரமாக இருக்கிறது.

நான்காவது, புல்லுக்கு அடியில் சுரங்கம் தோண்டும் அகழெலியை, அதாவது மோலை, விரட்டவென்று புழுமருந்து வாங்காதீர்கள். அதன் முக்கிய உணவு மண்புழு. வேர்ப்புழுவை முழுக்க ஒழித்தாலும் அது போகாது. மண்புழு இருக்கும் நல்ல மண்ணைத்தான் அது தேடி வந்திருக்கிறது.

ஐந்தாவது, உங்கள் வீடு பழைய பழத்தோட்டத்தின்மேல் எழுந்ததா என்று விசாரியுங்கள். ஆமென்றால், கீரைப்பாத்தி போடுவதற்கு முன் மண்ணை ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் சோதித்துவிடுங்கள். அளவு கூடியிருந்தால் வெளியிலிருந்து மண் கொண்டுவந்து உயர்த்திய பாத்தி போடலாம். முளைக்கீரையையும் வெந்தயக் கீரையையும் மண் போகக் கழுவ வேண்டும். குழந்தைகள் வெற்று மண்ணில் விளையாடிவிட்டு வந்தால் கை கழுவ வைக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு ஒன்று: வண்டு அங்கே இன்னும் குடியேறவில்லை. 1961இல் சாக்ரமென்டோவில் தலைகாட்டியபோது சில ஆண்டுகளில் ஒழித்துவிட்டார்கள். பிறகும் வருவதும் ஒழிப்பதும் தொடர்கிறது. சிறிய இடத்தில், தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் ஒழிப்பு சாத்தியம் என்பதற்கும் அதுவே சான்று. எனவே எடிசனிலிருந்து ஃப்ரீமான்டுக்கு வீடு மாற்றும்போது தொட்டியோடு கறிவேப்பிலைச் செடியைக் கொண்டுபோக ஆசைப்படாதீர்கள். தொட்டி மண்ணில் என்ன சுருண்டு கிடக்கிறது என்று வெளியே தெரியாது. 1912க்கு முன் அந்த ஐரிஸைக் கொண்டுவந்தவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

2014இல் இந்த வண்டு இத்தாலியில், மிலானுக்கு அருகே, டிச்சினோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் காணப்பட்டது. 2017இல் சுவிட்சர்லாந்து எல்லையைத் தாண்டியது. அங்கே விவசாயிகளும் லான் வைத்திருப்பவர்களும் இப்போது ரிவர்ட்டனின் முதல் பத்தாண்டுகளை வாழ்கிறார்கள். அவர்கள் கையில் நூற்புழுவும் பூஞ்சையும் இருக்கின்றன. எந்த நஞ்சு எத்தனை ஆண்டு மண்ணில் தங்கும் என்று நியூ ஜெர்சி தன் செலவில் எழுதி வைத்த கணக்கும் இருக்கிறது. அந்தக் கணக்கு நம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. அடுத்த ஜூலையில் கதவுக் கைப்பிடியில் லான் மருந்து விளம்பரத் துண்டு தொங்கும்போது, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு சதுர அடியைத் திறந்து எண்ணிப் பார்க்க அது போதுமான காரணம்.